தகவல் தாள் எழுதுகிறவர்களுக்கு, பம்பர் உடைந்தவன் எழுதுவது

கார் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளில் 'வாடிக்கையாளர் தகவல் தாள்' தயாரிக்கிற அன்பர்களுக்கு,

வணக்கம். பாலிசி விற்ற ஏஜெண்டை எனக்குத் தெரியும், ரினியூவலுக்குப் பத்து நாள் முன்னாலிருந்தே காலையும் மாலையும் போன் செய்கிற பெண்ணின் குரல் தெரியும், சேதத்தை மதிப்பிட வருகிற சர்வேயரையும் ஒருமுறை பார்த்தாயிற்று. பாலிசியோடு வருகிற அந்த இரண்டு பக்கத் தாளை உட்கார்ந்து எழுதுகிறவர் யார் என்று மட்டும் தெரியவில்லை. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன், உங்கள் கண்ணில் பட்டால் சரி.

இந்தத் தாள் நல்ல எண்ணத்தில் வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2024 ஜனவரியிலிருந்து ஹெல்த் பாலிசிகளுக்குப் புது வடிவத்தில் கட்டாயமாக்கினார்கள், வாடிக்கையாளர் கேட்டால் அவர் மொழியிலேயே தரவேண்டும் என்றும் சொன்னார்கள். அந்த வருடம் ஜூனில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வெளியிட்ட சுற்றறிக்கையில் மோட்டார் உள்ளிட்ட பொதுக் காப்பீட்டுக்கும் தகவல் தாள் வந்துவிட்டது. நாற்பது பக்கப் பாலிசியை யாரும் படிப்பதில்லை, இரண்டு பக்கமாகக் கொடுத்தால் படிப்பார்கள் என்பது கணக்கு. நானும் படித்தேன். எனக்குப் புரிந்த ஒரே விஷயம், ஒவ்வொரு வரிக்கும் எதிரே கடைசிக் கட்டத்தில் 'பாலிசி ஆவணத்தின் பிரிவு 1ஐப் பார்க்கவும்' என்று இருந்ததுதான். ஆக, எதைப் படிக்காமல் தப்பிக்கத் தாளைக் கொடுத்தீர்களோ, தாள் கையைப் பிடித்து அங்கேயே கொண்டுபோய் விடுகிறது. போதாததற்கு அடியில் ஒரு குறிப்பு: இந்தத் தாளுக்கும் பாலிசிக்கும் முரண் வந்தால் பாலிசி சொல்வதே செல்லும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2021 ஜனவரியில் வாங்கிய சின்ன கார், 1197 சிசி. நாலு வருடம் ஒரு க்ளெய்ம்கூடப் போடவில்லை. போன ஆகஸ்டில் மேடவாக்கம் பக்கம் முன்னால் போன தண்ணி லாரி திடீரென்று பிரேக் அடித்தது. லாரிக்கு ஒரு கீறல்கூட இல்லை. என் வண்டியின் முன்பக்க பம்பர், இடது ஹெட்லைட், பானெட் மூன்றும் போயின. ஆளுக்கு ஒன்றுமில்லை. ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கிறது, கேஷ்லெஸ் சர்வீஸ் சென்டர், பிறகென்ன கவலை என்று தைரியமாகத்தான் வண்டியை விட்டேன். தகவல் தாளிலும் 'விபத்தால் வாகனத்துக்கு ஏற்படும் சேதம்: உண்டு' என்று போட்டிருந்தது.

சர்வேயர் வந்தார். பொறுமையான மனிதர், அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. போனில் நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிட்டு, தொங்கிக்கொண்டிருந்த பம்பரை விரல் நகத்தால் இரண்டு தட்டு தட்டினார். "இது பிளாஸ்டிக் சார், பாதிதான் வரும்." அப்புறம் எஸ்டிமேட்டை வாங்கி ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பேனாவால் 50, 50, 35 என்று எழுதிக்கொண்டே போனார். பரீட்சைத் தாள் திருத்துவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பையன் மாதிரி நின்றேன்.

பம்பர் 6,200 ரூபாய், அதில் பாதி என் தலையில். ஹெட்லைட் 5,400, அதுவும் பிளாஸ்டிக்தான், பாதி. பானெட் இரும்பு, வண்டிக்கு நாலு வயது தாண்டி ஐந்து ஆகாததால் 7,000 ரூபாயில் 35 சதவீதம், 2,450 தேய்மானம், அதாவது பாகம் பழசானதற்காகக் கழிக்கிற தொகை. கிளிப்புகளும் பிராக்கெட்டும் 600, பாதி போச்சு. பெயிண்ட் 8,000. இதில் ஒரு வேடிக்கை: அந்த எட்டாயிரத்தில் கால்வாசியைப் பெயிண்ட் விலையென்று வைத்துக்கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்களாம், ஆயிரம் ரூபாய். கூலி 3,800, அதில் கை வைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, 1500 சிசி வரையுள்ள கார்களுக்கு ஒவ்வொரு க்ளெய்முக்கும் கட்டாயமாகக் கழிக்கிற 1,000 ரூபாய். மொத்த பில் 31,000. கம்பெனி கொடுத்தது 20,450. நான் கட்டியது 10,550.

இதில் யாரும் என்னை ஏமாற்றவில்லை. பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றுக்கும் 50 சதவீதம், ஃபைபர் கிளாஸுக்கு 30, கண்ணாடிக்கு ஒன்றுமில்லை, இரும்புக்கு முதல் ஆறு மாதம் சுழியில் ஆரம்பித்துப் பத்து வயதைத் தாண்டினால் 50 என்று பழைய டாரிஃப் காலத்திலிருந்தே அட்டவணை இருக்கிறது, என் பாலிசியின் பிரிவு 1லும் அச்சாகியிருந்தது. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன், இருந்தது. என் சண்டை அதோடு இல்லை, உங்களோடுதான். உங்கள் தாளில் அந்த இடத்தில் 'பாகங்களுக்குத் தேய்மானம் பொருந்தும்' என்று ஒரே வரி. பொருந்தும் என்றால் எவ்வளவு? பம்பர் என்ற சொல்லே அந்த இரண்டு பக்கத்தில் எங்கும் இல்லை. எங்கள் ஊர் டிராஃபிக்கில் முதலில் அடிவாங்குகிற பாகம் அதுதானே ஐயா!

தேய்மானத்தைக் கழிக்காமல் கொடுக்கிற 'ஜீரோ டெப்' ஆட்-ஆனை, அதாவது கூடுதல் பாதுகாப்பை, எடுத்திருக்கலாமே என்பீர்கள். ஏஜெண்ட் கேட்டார், உண்மைதான். 1,900 ரூபாய் கூட ஆகும் என்றார், எதற்கு என்று கேட்டேன், "பம்பர் டு பம்பர் சார்" என்றார். நான் அதை ஏதோ ஸ்பெஷல் வாஷ் மாதிரி நினைத்து வேண்டாம் என்றுவிட்டேன். தேய்மானம் என்ற ஒரு சொல்லை அவர் சொல்லியிருந்தாலோ, 'இது இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பாகத்தின் விலையில் பாதி உங்களுடையது' என்று நீங்கள் தாளில் எழுதியிருந்தாலோ அந்த 1,900ஐக் கட்டியிருப்பேன்.

இன்னொன்று நோ க்ளெய்ம் போனஸ், க்ளெய்ம் போடாததற்காகப் பிரீமியத்தில் தருகிற தள்ளுபடி. க்ளெய்ம் இல்லாத ஒவ்வொரு வருடத்துக்கும் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும் எனத் தாளில் அழகாக ஏணி போட்டிருக்கிறீர்கள். ஒரே ஒரு க்ளெய்மில் ஏணியின் அடிக்கு வந்துவிடுவோம் என்பதையும் அதே பருமன் எழுத்தில் போட்டால் என்ன? எனக்கு 45 இருந்தது, வருகிற ஜனவரியில் 50 ஆகியிருக்கும். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் ஏழாயிரம் என்று வைத்தால், 3,500 ரூபாய் தள்ளுபடி போயிற்று, அடுத்தடுத்த வருடங்களிலும் கீழிருந்துதான் ஏறவேண்டும். என் க்ளெய்ம் இருபதாயிரம், அதனால் கட்டுபடியாகும். ஆனால் என் தங்கை போன வருடம் கதவில் விழுந்த ஒரு நசுங்கலுக்கு மூவாயிரத்துச் சொச்சம் க்ளெய்ம் வாங்கிவிட்டு, அதைவிட அதிகத் தள்ளுபடியை இழந்தாள். கையிலிருந்து கட்டியிருந்தால் லாபம். இப்படி ஒரு கணக்கு இருக்கிறதென்றே அவளுக்குத் தெரியாது.

வெள்ளத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சென்னைக்காரன் மடலாக இருக்காது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் அபார்ட்மெண்ட் கீழ்த்தளத்தில் நின்ற கார்களுக்குள் சீட் வரை தண்ணீர். தண்ணீர் வடிந்த மறுநாள் எதிர்வீட்டு சார், பாவம், ஓடுகிறதா பார்ப்போம் என்று சாவியைத் திருப்பினார். ஒரு சத்தம், அவ்வளவுதான், எஞ்சின் லாக். சீட், கார்ப்பெட், வயரிங் செலவெல்லாம் வந்தது; எஞ்சினுக்கு வரவில்லை. வெள்ளத்தால் ஆன சேதம் வேறு, தண்ணீரோடு ஸ்டார்ட் செய்ததால் ஆன விளைவுச் சேதம் வேறு என்று விளக்கினார்கள். எஞ்சின் புரொடெக்ட் என்று தனியாக எடுத்திருந்தால் வந்திருக்கும். அப்போது இந்தத் தாளே கிடையாது. இப்போது தாள் வந்துவிட்டதே, மாறியிருக்குமா என்று என்னுடையதைப் பார்த்தேன். வெள்ளம் உண்டு, புயல் உண்டு, சூறாவளி உண்டு, உறைபனிகூட உண்டு. விதிவிலக்கில் 'விளைவு இழப்பு' என்று இரண்டே சொல். மடிப்பாக்கத்திலோ முடிச்சூரிலோ இருக்கிறவனுக்கு உறைபனியைவிட, 'தண்ணீர் புகுந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், செய்தால் எஞ்சின் செலவு உங்களுடையது' என்ற ஒரு வரிதானே தேவை?

ஐடிவி, அதாவது காப்பீட்டுக்காக வண்டிக்குப் போடுகிற மதிப்பு, அந்தப் பகுதி பரவாயில்லை, தொகை தெளிவாக இருக்கிறது. ஆனால் பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட ஏஜெண்டுகள் முதலில் குறைப்பது அந்தத் தொகையைத்தான், வண்டி திருடுபோனால் கைக்கு வருவதும் அதுதான் என்பதை அங்கேயே சேர்த்திருக்கலாம். அடுத்தவருக்கு ஆகிற சேதத்துக்கான தேர்ட் பார்ட்டி, ஓட்டுநர்-உரிமையாளருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பு எல்லாம் புரிகிறது. புகார் எண், இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் முகவரி இரண்டும் படுதெளிவு. கோபம் வந்த பிறகு படிக்கிற பகுதியை மட்டும் இவ்வளவு நன்றாக எழுதத் தெரிகிறது உங்களுக்கு.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. வண்டியின் மாடல், வயது, சிசி, எடுத்த ஆட்-ஆன் எல்லாம் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. என் பெயரையும் பதிவெண்ணையும் தாளில் தானாக அச்சடிக்கிற அதே மென்பொருளால், 'இந்த வருடம் உங்கள் வண்டியின் பம்பரும் பானெட்டும் மாற்றவேண்டி வந்தால் தோராயமாக இவ்வளவு நாங்கள், இவ்வளவு நீங்கள், அடுத்த வருடம் போனஸில் இவ்வளவு போகும்' என்று ஒரு கணக்கைப் போட முடியாதா? சர்வேயர் நின்றுகொண்டே பேனாவால் ஐந்து நிமிடத்தில் போட்ட கணக்கு அது. அதைப் பணம் கட்டுவதற்கு முன்னால் காட்டுங்கள் என்கிறேன்.

அப்புறம் மொழி. கால் சென்டரில் தமிழில் தாள் வேண்டுமென்று கேட்டேன், கோரிக்கை பதிவு செய்யப்பட்டது என்று குறுஞ்செய்தி மட்டும் வந்தது, ஆங்கிலத்தில். தமிழில் தரும்போது தயவுசெய்து 'இழப்பெதிர்காப்பு', 'கழிக்கத்தக்கவை' என்று சட்டப் புத்தகத் தமிழில் வேண்டாம். பம்பரை பம்பர் என்றே எழுதுங்கள், எங்களுக்குப் புரியும்.

ஜனவரி 9ஆம் தேதி என் பாலிசி முடிகிறது. புதுத் தாள் மெயிலில் வந்ததும் அந்தச் சொல் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன்.

இப்படிக்கு,
10,550 ரூபாய் கட்டிய பாலிசிதாரர்