வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை (2024 ஆடி முதல் 2025 ஆனி வரை)

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வட்டத்தின் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு மாதம் ஒன்றாகப் பதினொரு கூட்டங்கள் நடந்தன. கார்த்திகைக் கூட்டம் ஃபெஞ்சல் புயலோடு போயிற்று. இடம் வழக்கம்போல் தமிழாசிரியர் ஐயா வீட்டு மாடிக் கொட்டகை. காபிச் செலவைக் கணக்கில் எழுத ஐயா வீட்டு அம்மா இந்த ஆண்டும் விடவில்லை. வருகையைப் பற்றிப் பெருமை பேச ஒன்றுமில்லை. எட்டுப் பேர், பத்துப் பேர் என்றுதான் ஓடியது. ஐப்பசிக் கூட்டத்துக்கு மட்டும் கொட்டகை நிறைந்தது. அன்றைக்குக் கொட்டிய மழையில், கீழே பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் மாடியேறி வந்துவிட்டார்கள். பஸ் சத்தம் கேட்டதும் பாதிக் கட்டுரையில் எழுந்து ஓடினார்கள். ஒருவர் ஓடிய வேகத்தில் தன் குடையைக்கூடக் கொட்டகைக் கம்பியிலேயே விட்டுவிட்டார். கட்டுரை படித்துக்கொண்டிருந்தவன் நான்.

ஆடிக் கூட்டத்தில் போன ஆண்டறிக்கையை நான் வாசித்து முடித்ததும், பால் சொசைட்டியில் எழுத்தராக இருக்கும் உறுப்பினர் எழுந்தார். “புத்தகம் வைக்க பீரோ வாங்கப்படும்னு இதுல எழுதியிருக்கீங்க. அதுக்கு முந்தின வருஷமும் எழுதியிருந்தீங்க. கதையில ஒரு பீரோவை ரெண்டு தடவை காட்டினா, மூணாவது தடவை அதுக்குள்ள ஒரு பொணமாவது இருக்கணும் சார்” என்றார். சிரிப்பு அடங்கியபோது இந்த ஆண்டுக்கான பொருள் முடிவாகியிருந்தது: கதையில் முன்னால் ஒன்றைக் காட்டிவைப்பதும், பின்னால் அது வந்து தன் வேலையைச் செய்வதும்.

இதற்கு என்ன பெயர் வைப்பது என்பதில் ஒரு கூட்டம் முழுக்கக் கழிந்தது. குறும்படம் எடுக்கும் தம்பி ‘லீடு’, ‘பே-ஆஃப்’ என்றார். ஐயாவுக்கு அது காதில் ஏறவில்லை. நிலம் வைத்திருக்கும் உறுப்பினர்கள் ‘விதைப்பு, அறுப்பு’ என்றார்கள். கடைசியில் அவரவர் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொள்ளலாம் என்று தீர்மானம் நிறைவேறியது.

புரட்டாசியில் ரஷ்ய எழுத்தாளர் செகாவ். மேடையில் துப்பாக்கி இருந்தால் அது சுட்டாக வேண்டும் என்று அவர் சொன்னதாகக் கதைப் பட்டறைகளில் ஓதுவார்கள். 1889இல் ஓர் இளம் எழுத்தாளருக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் கருத்து இருக்கிறது. யாரும் சுடப்போவதில்லை என்றால் குண்டு நிரப்பிய துப்பாக்கியை மேடையில் வைக்காதே என்பது அதன் சாரம். எங்கள் கல்லூரி மாணவி 1904இல் மேடையேறிய ‘செர்ரித் தோட்டம்’ நாடகத்தைப் படித்துவிட்டு வந்து குட்டையைக் கலக்கினார். அதன் இரண்டாம் அங்கத்தில் சார்லோட்டா ஒரு துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறாள். எபிகோதவ் ரிவால்வரை எடுத்துக் காட்டுகிறான். நாடகம் முடியும்வரை இரண்டும் சுடவில்லை. தோட்டம் ஏலத்துக்குப் போவதைத் தடுக்க ஒரு விரலைக்கூட அசைக்காத குடும்பத்தின் கதையில் எந்தத் துப்பாக்கிதான் சுடும் என்று அவர் கேட்டார். நியாயமாகத்தான் பட்டது. விதியைச் சொன்னவருக்கு அதை எப்போது கைவிடலாம் என்பதும் தெரிந்திருக்கிறது.

மார்கழியும் தையும் சிலப்பதிகாரத்துக்குப் போயின. இரண்டு கூட்டமும் போதவில்லை. சிலம்பு என்றதும் பாண்டியன் அவைக்குத்தான் எல்லாரும் ஓடுவோம். ஐயா எங்களை நான்காம் காதைக்கு இழுத்துப்போனார். கோவலன் மாதவியிடம் போய்விட்ட அந்திமாலை. பிரிந்திருக்கும் கண்ணகியின் கோலத்தைச் சொல்லும்போது ‘அஞ்செஞ் சீறடி அணிசிலம்பு ஒழிய’ என்கிறார் இளங்கோ. காலில் சிலம்பு இல்லை. துயரத்தைக் காட்டும் வரி என்று படித்துவிட்டுத் தாண்டிவிடுகிறோம். அடுத்து ஒன்பதாம் காதை. குலத்தார் தேடிவைத்த செல்வத்தையெல்லாம் தொலைத்துவிட்டேன், வெட்கமாக இருக்கிறது என்று கோவலன் வந்து நிற்கிறான். கண்ணகி சிரித்த முகத்தோடு ‘சிலம்புள கொண்ம்’ என்கிறாள். மாதவிக்குக் கொடுக்கத்தான் பொருள் இல்லாமல் தவிக்கிறான் என்று அவள் எண்ணியதாகச் சொல்வதுண்டு. அப்படி வைத்துக்கொண்டால் அந்த இரண்டு சொல்லில் அவளுடைய மனசு முழுக்கத் தெரிந்துவிடுகிறது. நாம் அவளைத்தான் பார்க்கிறோம். சிலம்பு நம் கண்ணெதிரே கதைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டதைக் கவனிப்பதில்லை.

இந்த ஆண்டு முழுவதும் பேசியதில் எனக்கு ஒட்டிக்கொண்ட விஷயம் இதுதான். முன்னால் வைக்கும் பொருளுக்கு, வைக்கும் இடத்திலேயே வேறொரு வேலை இருக்க வேண்டும். அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்தால், பின்னால் ஒரு வேலை காத்திருக்கிறது என்று வாசகனுக்குச் சந்தேகம் வராது.

வழக்குரை காதைக்கு வந்தபோது சொசைட்டி எழுத்தர் ஒரு ஆட்சேபம் கிளப்பினார். சிலம்புக்குள் இருக்கும் பரல் எது என்பதை வைத்துத்தானே வழக்கே தீர்கிறது, அதை முன்னாலேயே எங்காவது சொல்லியிருக்க வேண்டாமா என்றார். ‘என்காற் சிலம்பு மணியுடை அரியே’ என்று கண்ணகி சொல்வதும், எங்கள் சிலம்பு முத்துடை அரி (அரி என்பது உள்ளிடும் பரல்) என்று அரசன் சொல்வதும், சிலம்பு உடைவதும் சில வரிகளுக்குள் முடிந்துவிடுகின்றன. ஐயாவின் பதில்: “உடைக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் வாயைத் திறந்து சொல்லிட்டாங்க பாருங்க. மணி வந்தா இவ ஜெயிச்சா, முத்து வந்தா அவன் ஜெயிச்சான். கேக்கறவனுக்கு இது போதும்.” அப்புறம் வருவதுதான் அவன் எதிர்பாராதது. பரல் தரையில் உருளவில்லை. ‘மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே’. தீர்ப்புச் சொன்ன வாயில் போய்த் தெறிக்கிறது.

மாசியில் கம்பன். கைகேயியின் மனத்தைக் கலைக்க மந்தரை வருகிறாள். அவளுக்கு இராமன்மேல் ஏன் இத்தனை ஆத்திரம்? ‘பண்டை நாள் இராகவன் பாணி வில் உமிழ் உண்டை உண்டதனைத் தன் உள்ளத்து உள்ளுவாள்’. சின்ன வயதில் அவன் வில்லில் வைத்து அடித்த மண் உண்டையை அவள் இன்னும் மறக்கவில்லை. விதையையும் கதிரையும் ஒரே நாளில் காட்டினால் எப்படி என்று குறும்படத் தம்பி கேட்டார். பதில் திருமழிசையாழ்வாரிடம் கிடைத்தது. ‘கூனிகூன் உண்டை கொண்டு அரங்க ஓட்டி’ என்று திருச்சந்த விருத்தத்தில் அவர் முன்பே பாடிவிட்டார். ஆழ்வாருக்கு அது பிள்ளை விளையாட்டு. அந்த விளையாட்டைக் கேட்டுச் சிரித்த காதுகளுக்குத்தான் கம்பன், அடி வாங்கியவள் சிரிக்கவில்லை என்று காட்டுகிறான். விதை கேட்பவர் நினைவில் ஏற்கெனவே கிடந்தது. அதோடும் விடவில்லை. கிட்கிந்தையில் சுக்கிரீவனுக்கு அரசியல் சொல்லும்போது, ‘சிறியர் என்று இகழ்ந்து நோவு செய்வன செய்யல்’ என்று சொல்லி, கூனிக்குச் செய்த தீமையால் தான் துயரக் கடலில் விழுந்ததை இராமனே ஒப்புக்கொள்கிறான். ஒரு மண் உண்டையை இவ்வளவு தூரம் உருட்டியிருக்கிறான் கம்பன்.

பங்குனியில் காளிதாசரின் சாகுந்தல நாடகத்தில் வரும் மோதிரத்தைப் பேசினோம். பாரதத்தில் உள்ள சகுந்தலை கதையில், அரசன் அவளை மறக்கக் காரணமான துர்வாசர் சாபம் இல்லை. அதைக் கொண்டுவந்தவர் காளிதாசர். இதற்குமேல் அன்றைக்கு விவாதம் ஏறவில்லை. மின்சாரமும் இல்லை.

வைகாசியில், முந்தைய அறிக்கையில் சொன்னபடியே தெருக்கூத்துக்குப் போய்வந்தோம் என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன். வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமத்துத் திரௌபதியம்மன் கோயில். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பாஞ்சாலி துகிலுரியும் கூத்தான துகில் அன்றைக்கு ஒருமுறையும் பதினெட்டாம் போர் அன்றைக்கு ஒருமுறையும் வேன் பிடித்தோம். துகிலில் பாஞ்சாலி கூந்தலை அவிழ்த்துச் சபதம் போடுகிறாள். துரியோதனன் இரத்தம் பூசாமல் முடிக்கமாட்டேன் என்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி, “பாவம், இனி எத்தனை ராத்திரி தலைவிரிச்சே இருக்கணும்” என்றார், ஏதோ தன் வீட்டுப் பெண்ணைச் சொல்வதுபோல. இடையில் அர்ச்சுனன் தபசு, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம் என்று இரவுகள் போகின்றன. அவிழ்ந்த கூந்தல் யாருக்கும் மறக்கவில்லை.

பதினெட்டாம் போர் அன்று நள்ளிரவில் தூறல். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் வேனுக்குள் போய்விட்டார்கள். கொட்டகையில் கிடந்த குடையைக் கையோடு கொண்டுபோயிருந்ததால் ஐயாவும் நானும் புளியமரத்தடியை விட்டு நகரவில்லை. விடிந்ததும் மேளம் திசை மாறியது, கூட்டம் போர்க்களமாக அமைத்த படுகளத்துக்கு ஓடியது, நாங்களும் ஓடினோம். மண்ணால் செய்த பெரிய துரியோதனன் மல்லாந்து கிடக்கிறான். வீமன் தொடையில் அடிக்கிறான், சிவப்பு வழிகிறது, பாஞ்சாலி கூந்தல் முடிகிறாள். முன்வரிசைப் பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அங்கே இருந்த ஒரு குழந்தைக்குக்கூட அடுத்து என்ன நடக்கும் என்பது தெரியும். அதிர்ச்சியும் திருப்பமும் இல்லை. ஊர் முழுக்க அறிந்த கடன் ஒன்று எல்லார் முன்னாலும் அடைபட்டது, அவ்வளவுதான். இதைப் பார்த்த பிறகு, வாசகன் ஊகித்துவிட்டால் கதை கெட்டது என்று கூட்டங்களில் நான் பேசிவந்ததை நிறுத்திக்கொண்டேன்.

உறுப்பினர் சிறுகதைகளில் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். ‘எங்கள் பெரியப்பா பாம்பு பிடிப்பதில் கெட்டிக்காரர்’ என்று அது தொடங்கியது. நான்காம் வரியிலேயே கல்லூரி மாணவி “பாம்பு எப்போ வரும்?” என்று கேட்டுவிட்டார். எழுதியவர் கோபித்துக்கொண்டு போனாலும் அடுத்த மாதம் திருத்திக்கொண்டு வந்தார். இப்போது பெரியப்பா பாம்பு பிடிக்கும் கவைக்கோலால் முருங்கைக்காய் பறிக்கிறார். அந்தக் கோல் பட்ட காயைச் சமைக்கமாட்டேன் என்று பெரியம்மா சண்டை பிடிக்கிறாள். முருங்கைக்காய்ச் சண்டையில் நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். பாம்பு வந்தபோது கோல் கொல்லையில் சாய்ந்து நின்றது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அதில் ‘குடை: ரூ. 350’ என்று ஒரு செலவு வரும். விளக்கம் சொல்ல வேண்டியவன் நான். ஆனிக் கூட்டத்தின்போது புதியவர் ஒருவர் மாடியேறி வந்து, “ஐப்பசியில ஒரு குடை விட்டுட்டுப் போனேன்” என்றார். கம்பியில் குடை இல்லை. படுகளத்துக்கு ஓடியபோது அதைப் புளியமரத்தடியிலேயே விட்டிருக்கிறேன். புதுக் குடை வாங்கிக் கொடுத்தாயிற்று. அவர் அன்றைக்கு ரூ. 100 சந்தா கட்டி உறுப்பினராகச் சேர்ந்துவிட்டதால் வட்டத்துக்கு நிகர நஷ்டம் ரூ. 250 என்று பொருளாளர் குறித்திருக்கிறார். பொதுக்குழு இதை அங்கீகரிக்க வேண்டுகிறேன். மறுத்தால் என் கையிலிருந்து கட்டிவிடுகிறேன்.

பீரோ பற்றி இந்த அறிக்கையில் வாக்குறுதி எதுவும் இல்லை.

நன்றி, வணக்கம்.

செயலாளர்