நீலக் குழாய்க்குள் காந்தம் எங்கே?

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

நலம், நலமறிய ஆவல். இங்கே கச்சான் காத்து தொடங்கிவிட்டது. மத்தியானத்தில் வாசலில் நிற்க ஏலாது. அக்காவுக்குக் கண் ஒப்பரேஷன் முடிந்து சுகமாக இருக்கிறா. வயல் விசயம் போனில் கதைப்பம்.

ஜெனீவாவில் CERN ஆய்வுகூடத்தில், அணுவிலும் சிறிய துணிக்கைகளை மோதவிடும் LHC இயந்திரத்தின் அந்த நீலக் குழாயோடு நின்று எடுத்த படம் கிடைத்தது. "இவ்வளவு பெரிய குழாய், இதுக்குள்ள காந்தம் எங்க?" என்று கேட்டிருந்தாய். பௌதிகம் படிப்பித்தவனிடம் கேட்டால் சும்மா விடுவேனா?

15 மீற்றர் நீளம், 35 தொன் அளவில் நிறை. 27 கிலோமீற்றர் வளையத்தில் அப்படி 1232 இருக்கின்றன. நிறையில் பெரும்பகுதி உருக்குத்தான். நடுவில், துணிக்கைகள் பாயும் இரண்டு சின்னக் குழாய்களை அணைத்தபடி நீளவாட்டில் ஓடும் கம்பிச்சுருள்தான் காந்தம். தலைமயிரைவிடப் பத்து மடங்கு மெல்லிய நையோபியம்-தைத்தேனியம் இழைகளைச் செம்புக்குள் புதைத்து இழுத்த கம்பி அது. −271 பாகைத் திரவ ஹீலியத்தில் ஊறும்போது மின்னுக்குத் தடையே இராது; இதுதான் மீகடத்தல். 11,000 அம்பியருக்கு மேல் பாய்ந்து 8.3 தெஸ்லா புலம் தரும்.

எனக்குப் பிடித்த இடம் இனித்தான். அந்தப் புலமே கம்பியை வெளியே தள்ளுகிறது, மீற்றருக்கு ஏறத்தாழ 400 தொன் விசையில். ஒரு கம்பி மைக்ரோமீற்றர் கணக்கில் அரங்கினாலே போதும். அந்தக் குளிரில் உலோகத்தின் வெப்பக் கொள்ளளவு அற்பம். துளி வெப்பத்திலேயே மீகடத்தல் போய்விடும். அத்தனை அம்பியரும் அந்த ஓரிடத்துத் தடையில் முட்டினால் கம்பி உருகும். அதற்கு என்ன செய்கிறார்கள் தெரியுமா? சுருளோடு ஒட்டிய ஹீற்றர்களைப் போட்டு முழுச் சுருளையும் வேண்டுமென்றே சூடாக்கிவிடுகிறார்கள், சக்தி பரவிப் போகட்டும் என்று. புதுக் காந்தம் இப்படிப் பலதரம் விழுந்தெழும்பித்தான், கம்பிகள் இருப்புக்கு வந்து, முழு ஓட்டத்தையும் தாங்கும்.

2008 செப்டெம்பர் 19 இல் விட்டுக்கொடுத்தது சுருள்கூட இல்லை, இரண்டு காந்தங்களுக்கு இடையே இருந்த ஒரு மூட்டு. 53 காந்தங்களை வெளியே எடுக்க வேண்டி வந்தது. ஒரு வருசத்துக்கு மேல் இயந்திரம் சும்மா கிடந்தது.

அடுத்த தலைமுறைக் காந்தங்களுக்கு நையோபியம்-வெள்ளீயம். 11 தெஸ்லாவையும் தாண்டும், ஆனால் சுட்டபின் வளைத்தால் நொருங்கிவிடும். குயவன் பச்சைமண்ணில் வனைகிற மாதிரி முதலில் சுற்றிவிட்டுப் பிறகு 650 பாகையில் நாட்கணக்காகச் சுடுகிறார்கள். இந்த இயந்திரத்தில் கண்டுபிடித்த ஹிக்ஸ் துணிக்கைக்கு விழுந்த கைதட்டலில் பாதியாவது இந்தக் கம்பி சுற்றுகிறவர்களுக்குச் சேர வேணும் என்பேன்.

அடுத்தமுறை போனால், குறுக்கே வெட்டி வைத்த மாதிரி இருக்கிறதா என்று பார்த்துக் கிட்டவாக ஒரு படம் எடுத்தனுப்பு. ரியூசன் பிள்ளைகளுக்குக் காட்ட. தம்பியின் கலியாணத்துக்கு வருவாய்தானே? நாள் வைத்ததும் எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்