பழைய டியூப்லைட்டை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலூரில் வீடு, கடை, லாட்ஜ் என்று எல்லாரும் எல்.இ.டி.க்கு மாறிக்கொண்டிருக்கிறோம், நல்ல விஷயம்தான். ஆனால் கழற்றிய டியூப்லைட் எங்கே போகிறது? பழைய இரும்புக் கடைக்காரர் பட்டியை எடுத்துக்கொள்வார், சோக்கில் செம்பு இருப்பதால் அதையும் எடுத்துக்கொள்வார், டியூப்பை மட்டும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அது தெருமுனையில் டிரான்ஸ்பார்மர் பக்கம் சாய்ந்து நிற்கும். அப்புறம் எந்தப் பையனாவது கல்லெறிந்து உடைப்பான், இல்லையென்றால் காலையில் வரும் தூய்மைப் பணியாளர் வண்டியில் அடங்க வேண்டுமே என்று அதைக் கையாலேயே ஒடித்துத் திணிப்பார்.

அந்தக் குழாய்க்குள் பாதரசம் இருக்கிறது. பாதரச ஆவியில் மின்சாரம் பாய்ந்தால்தான் புறஊதாக் கதிர் வரும், உள்ளே பூசியிருக்கும் வெள்ளைப் பொடி அதை வெளிச்சமாக மாற்றும், அதனால் பாதரசம் இல்லாமல் டியூப்லைட்டே கிடையாது. ஒரு சி.எஃப்.எல். பல்பில் சுமார் 3 முதல் 5 மில்லிகிராம் இருக்கும், பழைய தடித்த டியூப்பில் அதைவிடப் பல மடங்கு. எரிந்து எரிந்து அதில் பெரும்பகுதி அந்த வெள்ளைப் பொடியிலேயே ஒட்டிக்கொள்ளும், ஒடிக்கும்போது குப்பென்று கிளம்பும் தூசி அதுதான். மூச்சில் போகும் பாதரச ஆவியில் ஏறத்தாழ 80 சதவீதம் உடம்பிலேயே தங்கிவிடும். நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும், கை நடுக்கம், ஞாபக மறதி, தூக்கமின்மை எல்லாம் வரும், வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு இன்னும் கெடுதல். வீட்டில் ஒரு டியூப் உடைந்தால் பதற வேண்டாம், அந்த அளவு சின்னதுதான். ஆனால் தினமும் ஒடிக்கிறவருக்கு அது சின்னது இல்லையே.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். திருவிழா ஊர்வலத்தில் வீர விளையாட்டு என்று பிள்ளைகள் நெஞ்சிலும் தலையிலும் டியூப்லைட்டை உடைத்துக் காட்டுகிறார்கள். ரத்தம் வருகிறதா என்று மட்டும் பார்க்கிறோம், அந்தப் பொடியை அவர்களும் முன்வரிசையில் நிற்கும் குழந்தைகளும் சுவாசிப்பதை ஒருவரும் பார்ப்பதில்லை. விழாக் குழுவினர் தயவுசெய்து இதை நிறுத்துங்கள்.

குப்பைமேட்டுக்குப் போனபிறகும் விஷயம் முடிவதில்லை. குப்பை எரிந்தால் பாதரசம் காற்றில் கலக்கும், மழை பெய்தால் ஏரிக்குப் போகும், ஏரிச் சேற்றில் நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசம் என்ற இன்னும் கொடிய விஷமாக மாற்றும், அது மீன் வழியாக நம் தட்டுக்கு வரும். ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் மீன் சாப்பிட்டவர்களின் நரம்பைப் பாழாக்கி, 1956இல் வெளியே தெரிந்த கொடுமை இந்த மெத்தில் பாதரசத்தால் வந்ததுதான். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், 2001இல் கொடைக்கானலில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி ஒரு பழைய பொருள் கடையில் குவிந்து கிடந்ததை மக்கள் கண்டுபிடித்துத்தான் அங்கிருந்த தெர்மாமீட்டர் ஆலை மூடப்பட்டது, வேலை செய்தவர்களின் போராட்டமும் மண்ணைச் சுத்தம் செய்யும் விவகாரமும் அதன்பின் வருடக்கணக்கில் இழுத்தன. தோல் கழிவாலும் குரோமியத்தாலும் பாலாறு பட்ட பாடு நமக்குத் தெரியும். இன்னொரு விஷத்தையும் சேர்த்துக்கொள்ள இந்த மண்ணால் முடியாது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளிலேயே டியூப்லைட், சி.எஃப்.எல். இரண்டும் வீட்டு அபாயக் கழிவு என்று பெயர் சொல்லியே இருந்தது. 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் வேண்டும் என்றும் இருந்தது. நம் மாநகராட்சி சுமார் 88 சதுர கிலோமீட்டர், அப்படியானால் ஐந்து மையம். அவை எங்கெங்கே என்று வார்டு வார்டாகப் பலகை வைத்துச் சொல்லுங்கள் என்பதுதான் என் முதல் கோரிக்கை. 2022ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகளிலும் பாதரச விளக்குகள் உண்டு, அவற்றை மறுசுழற்சி செய்யவைக்கும் பொறுப்பு தயாரித்த கம்பெனிக்கே உண்டு. ஆகவே பல்பு விற்கிற எலக்ட்ரிக் கடைகளிலேயே ஒரு நீளமான அட்டைப்பெட்டி வைத்து, புதுசு வாங்க வருகிறவரிடம் பழசை உடையாமல் வாங்கிக்கொள்ளலாம். புது டியூப் வந்த உறையிலேயே பழசைப் போட்டுக் கொடுத்தால் போதும். ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகள், குடியாத்தம் தறிக்கூடங்கள், கல்லூரிகள், ஆஸ்பத்திரிகள் எல்லாம் வரிசை வரிசையாக டியூப் கழற்றுகிற இடங்கள், அவர்கள் குப்பை வண்டியில் ஏற்றாமல் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்கே நேராக அனுப்ப வேண்டும். அங்கே மூடிய இயந்திரத்தில் நொறுக்கி, ஆவியை கார்பன் வடிகட்டியில் பிடித்து, பொடியைச் சூடாக்கிப் பாதரசத்தைத் தனியாக எடுப்பார்கள், கண்ணாடியும் அலுமினியமும்கூட வீணாகாது.

வீட்டில் உடைந்துவிட்டால் ஃபேனை நிறுத்துங்கள், ஜன்னலைத் திறந்துவிட்டுக் குழந்தைகளோடு ஒரு கால்மணி நேரம் வெளியே இருங்கள். துடைப்பம் போடாதீர்கள், தூசி கிளம்பும். கெட்டி அட்டையால் அள்ளி, ஈரக் காகிதத்தால் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள பாட்டிலில் போட்டு, உள்ளே என்ன என்று எழுதி ஒட்டித் தனியாகக் கொடுங்கள்.

இது முடிவே இல்லாத வேலையும் கிடையாது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த அந்த ஊரின் பெயரிலேயே வந்த, இந்தியா 2018இல் ஏற்றுக்கொண்ட மினமாட்டா சர்வதேச ஒப்பந்தத்தின்படி 2027க்குள் டியூப்லைட், சி.எஃப்.எல். போன்ற ஃப்ளோரசன்ட் விளக்குத் தயாரிப்பையே நிறுத்த நாடுகள் ஒத்துக்கொண்டிருக்கின்றன. புதுசு வராது, ஏற்கெனவே வீடுகளில் இருப்பதைச் சேகரித்து முடித்தால் சரி. குப்பையை மக்கும் மக்காத என்று தெருத்தெருவாகப் பிரிக்கக் கற்றுக்கொண்ட ஊருக்கு இது பெரிய காரியமா? மாநகராட்சி இதைப் போகிக்கு முன்னால் அறிவித்தால் நல்லது, வீடு ஒழிக்கும்போதுதான் பரணில் கிடக்கும் பழைய டியூப் எல்லாம் கீழே இறங்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சத்துவாச்சாரி, வேலூர்.