வெளிநாடு செல்லும் மாற்றுத்திறனாளிகளுக்குத் தமிழில் ஒரு கையேடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாற்றுத்திறனாளிகளின் விமானப் பயணம் நாளிதழ்களில் செய்தியாவது பெரும்பாலும் யாரேனும் அவமதிக்கப்பட்ட பிறகுதான். 2022 மே மாதம் ராஞ்சி விமான நிலையத்தில் மாற்றுத்திறனாளிச் சிறுவர் ஒருவரை ஏற்ற மறுத்தபோதும், 2024 பிப்ரவரியில் மும்பையில் சக்கர நாற்காலி கிடைக்காமல் நடந்துசென்ற 80 வயதுப் பயணி ஒருவர் இறந்தபோதும் எல்லோரும் பேசினோம். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அந்தந்த விமான நிறுவனங்களுக்கு முறையே 5 லட்சம் ரூபாயும் 30 லட்சம் ரூபாயும் அபராதம் விதித்தது. அத்துடன் பேச்சு அடங்கிவிட்டது. போலியோவால் பாதிக்கப்பட்டுச் சிறு வயதிலிருந்தே சக்கர நாற்காலியைப் பயன்படுத்துபவள் என்ற முறையில், டிக்கெட் எடுக்கும் நாளிலேயே எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றைத் தமிழில் சொல்ல ஆளில்லை என்பதைத் தங்கள் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

பயண முகவரிடம் “வீல்சேர் வேண்டும்” என்று சொல்லிவிட்டால் போதும் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் விமான நிறுவனங்களின் முன்பதிவுக் கணினியில் சக்கர நாற்காலிக்கு மூன்று வெவ்வேறு குறியீடுகள் இருக்கின்றன. படி ஏறவும் விமானத்துக்குள் நடக்கவும் முடியும், நெடுந்தூரம் மட்டும் நடக்க முடியாது என்பவருக்கு டபிள்யூ.சி.எச்.ஆர்.; உள்ளே நடக்க முடியும், படி ஏற முடியாது என்பவருக்கு டபிள்யூ.சி.எச்.எஸ்.; இருக்கை வரை கொண்டுபோய் அமர்த்தியாக வேண்டியவருக்கு டபிள்யூ.சி.எச்.சி. முகவர் வழக்கம்போல முதல் குறியீட்டைத் தட்டிவிட்டால், இருக்கை வரிசைகளுக்கு நடுவே செல்லும் குறுகிய நாற்காலியும் தூக்கி அமர்த்தும் ஆட்களும் விமானத்தின் வாசலுக்கு வரமாட்டார்கள். விமானம், முனையத்தோடு இணைக்கும் ஏரோபிரிட்ஜ் பாலத்தில் நிற்காமல் தொலைவில் நின்றால், மேலே ஏற்றும் ஆம்புலிஃப்ட் வண்டியும் வராது. வாசலில் நின்றுகொண்டு ஊழியரோடு வாதாடுவதில் பயனில்லை. அவர் கையில் இருக்கும் பட்டியலில் உள்ளபடிதான் அவர் ஏற்பாடு செய்திருப்பார். இந்த மூன்று குறியீடுகளின் வேறுபாட்டை அறிந்த முகவரை நான் மிக அரிதாகவே சந்தித்திருக்கிறேன்.

இதனோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் பலர், நன்றாக நடக்கக்கூடியவர்களே, ஆங்கிலம் தெரியாததாலும் இடைநிலையத்தில் வழி தவறிவிடுவோமோ என்ற அச்சத்தாலும் சக்கர நாற்காலி கேட்கிறார்கள். அவர்களைக் குறை கூற எனக்கு மனமில்லை, ஏனெனில் அவர்களுடைய தேவையும் உண்மையான தேவைதான். ஆனால் உடன் வந்து வழிகாட்டும் உதவிக்கென்றே ‘மீட் அண்ட் அசிஸ்ட்’ என்று தனியான குறியீடு இருப்பதை அவர்களுக்கு யாராவது சொல்லியிருந்தால், இருக்கும் நாற்காலிகள் நடக்கவே முடியாதவர்களுக்கு மிஞ்சியிருக்கும்.

சட்டம் நம் பக்கம் ஓரளவு உறுதியாகவே இருக்கிறது. ஜீஜா கோஷ் வழக்கில், மூளை முடக்குவாதம் உள்ள அவரை விமானத்திலிருந்து இறக்கிவிட்டதற்காக 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ராஞ்சி நிகழ்வுக்குப் பிறகு திருத்தப்பட்ட விதியின்படி, உடற்குறையைக் காரணம் காட்டி ஒருவரை ஏற்ற மறுக்க முடியாது. பறக்கும்போது உடல்நிலை மோசமாகும் என்று நிறுவனம் கருதினால், விமான நிலையத்திலேயே மருத்துவர் நேரில் பரிசோதித்துக் கருத்துக் கூற வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1107/2006 எண் விதிப்படி, விமான நிலையத்துக்குள் உதவி செய்யும் பொறுப்பு அந்த விமான நிலைய நிர்வாகத்தையே சாரும், அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. 48 மணி நேரத்துக்கு முன்பே தெரிவிக்க வேண்டும் என்பது மட்டும் நம் கடமை. விமானங்களில் மாற்றுத்திறனாளிகளைப் பாகுபடுத்துவதைத் தடுக்கும் அமெரிக்காவின் 1986-ஆம் ஆண்டுச் சட்டமோ அந்நாட்டுக்குச் சென்றுவரும் வெளிநாட்டு நிறுவனங்களின் விமானங்களையும் கட்டுப்படுத்துகிறது. சிக்கல் எழுந்தால் உடனடியாகப் பேசித் தீர்ப்பதற்கென்றே ஓர் அலுவலரை அந்நிறுவனங்கள் வைத்திருக்க வேண்டும். சென்னையில் ஏறி ஃபிராங்க்ஃபர்ட்டில் மாறி நியூயார்க்கில் இறங்கும் ஒருவர், ஒரே பயணத்தில் இந்த மூன்று வெவ்வேறு விதிகளின் கீழும் வருகிறார் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளாக வாங்கியிருந்தால், முதல் நிறுவனத்திடம் பதிந்த உதவிக் கோரிக்கை இரண்டாவது நிறுவனத்துக்குத் தானாகப் போய்ச் சேராது என்பதும் அப்படியே.

எனக்கு மிகவும் கவலை தருவது சொந்த நாற்காலியின் கதி. மின்சாரச் சக்கர நாற்காலி எங்களுக்குக் கால். விமான நிறுவனத்தின் கணக்கிலோ அது சாமான். 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சாமான் சேதமடைந்தால் கிடைக்கக்கூடிய அதிகபட்ச இழப்பீடு, 2024 டிசம்பர் இறுதியில் உயர்த்தப்பட்ட பிறகும், பன்னாட்டு நாணய நிதியம் கணக்கிடப் பயன்படுத்தும் எஸ்.டி.ஆர். என்ற அலகில் 1,519 தான். நம் பணத்தில் இது 2 லட்சம் ரூபாயை ஒட்டி வரும். நல்ல இறக்குமதி நாற்காலியின் விலை அதைப் போலப் பல மடங்கு. ஆனால் செக்-இன் செய்யும்போதே பொருளின் மதிப்பை எழுத்து மூலம் அறிவித்து, கேட்டால் கூடுதல் கட்டணமும் செலுத்திவிட்டால், அறிவித்த தொகை வரை பொறுப்பேற்க வேண்டும் என்று அதே உடன்படிக்கை சொல்கிறது. நாற்காலியை ஒப்படைக்கும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்வதும், சேதத்தைக் கண்டவுடன், தாமதமானால் 7 நாட்களுக்குள்ளாவது, எழுத்துப்பூர்வமாகப் புகார் அளிப்பதும் இன்றியமையாதவை. லித்தியம் பேட்டரியைக் கழற்றிக் கையோடு கொண்டுசெல்லும் நாற்காலியென்றால் பேட்டரியின் மின்கொள்ளளவு 300 வாட் ஹவருக்கு மிகக் கூடாது. வாங்கும்போதே அந்த அளவு அச்சிட்ட தாளைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

மருந்துகளிலும் கவனம் தேவை. முதுகுத்தண்டு காயமுற்றவர்கள் வலிக்காகச் சாப்பிடும் டிரமடால் போன்ற மாத்திரைகளை ஐக்கிய அரபு அமீரகத்துக்குக் கொண்டுபோக முன்அனுமதி வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்கிறார்கள். ஏற்கெனவே உள்ள உடல்நிலையால் வரும் செலவை அந்தக் காப்பீடு ஏற்குமா என்பதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

போய்ச் சேரும் ஊரைத் தேர்ந்தெடுப்பதே பாதிப் பயணம். சிங்கப்பூரில் எல்லா எம்.ஆர்.டி. மெட்ரோ ரயில் நிலையங்களிலும் படியில்லாத வழி இருக்கிறது, பொதுப் பேருந்துகள் அனைத்திலும் சக்கர நாற்காலியோடு ஏறலாம். அறிவிப்புப் பலகைகளில் தமிழும் உண்டு என்பதால், திருச்சியிலிருந்து முதன்முதலாகப் புறப்படுபவருக்கு அதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தோன்றவில்லை. லண்டனில் சுரங்க ரயில் நிலையங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில்தான் படியின்றிச் செல்ல முடியும், ஆனால் கறுப்பு டாக்சிகள் அனைத்திலும் நாற்காலியோடு ஏறலாம். பாரீஸ் மெட்ரோவிலோ 14-ஆம் எண் தடம் ஒன்றைத்தான் முழுமையாக நம்ப முடியும், மற்றபடி பேருந்துதான். அதே பாரீஸில் லூவ்ர் அருங்காட்சியகம் மாற்றுத்திறனாளியிடமும் உடன் வருபவரிடமும் சான்றைப் பார்த்துவிட்டுக் கட்டணமின்றி அனுமதிக்கிறது. ஆகவே நம் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. அட்டையுடன் மருத்துவரின் ஆங்கிலக் கடிதம் ஒன்றும் கையில் இருப்பது நலம். ஜெர்மனியில் 2010-இல் தொடங்கப்பட்ட ‘வீல்மேப்’ வரைபடத்தில் உணவகம், கழிப்பறை உட்பட எந்த இடத்துக்குள் நாற்காலி போகும் என்பதைப் பயன்படுத்துவோரே குறித்துவைக்கிறார்கள். நம் முகவர்களிடம் விடுதியைப் பற்றிக் கேட்டால் “லிஃப்ட் இருக்கிறது மேடம்” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. குளியலறைக் கதவின் அகலம் எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டால் நம்மை விசித்திரமாகப் பார்க்கிறார்கள்.

இவை எதுவும் ரகசியம் அல்ல. ஆங்கிலம் படித்தவர், இணையத்தில் பல இரவுகள் தேடும் பொறுமையுள்ளவர், இவற்றைக் கண்டுபிடித்துவிடுவார். மற்றவர் பயணத்தையே கைவிடுகிறார், அல்லது பேரனின் திருமணத்தைக் கைப்பேசித் திரையில் பார்க்கிறார். தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒரு துறையும் அயலகத் தமிழர்களுக்கென்று ஒரு துறையும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து தமிழில் ஒரு கையேட்டை, பார்வையற்றோருக்காக ஒலி வடிவிலும், வெளியிட வேண்டும். புகாரை எந்த நாட்டில் யாரிடம் அளிப்பது என்று சொல்ல ஒரு தொலைபேசி எண்ணும் வேண்டும். பயண முகவர் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களுக்கு அந்தக் குறியீடுகளையாவது கற்றுக்கொடுக்கலாம்; அதற்கு அரை நாள் வகுப்பே மிகுதி.

அதுவரையில், தங்கள் நாளிதழ் இத்தகவல்களைச் சரிபார்த்து ஒரு பக்கக் கட்டுரையாக வெளியிட்டால், வெட்டி எடுத்துச் சென்று முகவரின் மேசையில் வைக்கவாவது எங்களுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
திருச்சிராப்பள்ளி