இழுக்காத கைக்கு நன்றி

அந்த இரவு டியூட்டியில் இருந்த சிஸ்டருக்கு,

குழந்தையின் மூளைநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையில், சிகிச்சைக்குப் பிறகு மூன்றாவது முறையும் எதுவும் வளரவில்லை. அறிக்கையைப் பார்த்த கையோடு எழுதுகிறோம்.

குழந்தைக்கு டயப்பர் மாற்றும்போது ஆசனவாயில் ஷன்ட் குழாயின் நுனி தெரிந்தது. நீங்கள் அதை இழுக்கவில்லை. யாருக்கும் முதலில் இழுத்துப் பார்க்கத்தான் கை போகும். புழு என்று எண்ணி இழுத்தவர்களும் உண்டு. மூளையறையில் தேங்கும் நீரை வடிக்க, அங்கே தொடங்கி, தோலுக்கடியில் வயிறுவரை ஓடும் குழாய் அது. இழுத்தால், நீரோட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வருகே இணைப்பு கழன்றுவிடலாம். உள்ளே தள்ளினாலோ குடல் கிருமி வயிற்றறைக்குள் போய்விடும். நீங்கள் கையுறை போட்டு, சலைனில் நனைத்த ஸ்டெரைல் காஸால் நுனியைச் சுற்றினீர்கள். பால் கொடுப்பதை நிறுத்தினீர்கள். நுனியில் சொட்டுவது தெளிந்த நீர் என்று குறித்துவைத்தீர்கள். பிறகு போனில், "வயிறு மெத்தென்றுதான் இருக்கிறது, காய்ச்சலும் இல்லை, ஆனாலும் உடனே வாங்க" என்றீர்கள்.

அந்த 'ஆனாலும்' பெரிய சொல், சிஸ்டர். குடலைத் துளைத்த குழாயைச் சுற்றி நார்த்திசு உறைபோல் வளர்ந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும். அதனால் பலருக்கு வயிறு நோவதே இல்லை. கிருமி மட்டும் சத்தமில்லாமல் குழாய் வழியே ஏறி மூளைநீரை எட்டிவிடும்.

குழாய் அசையாமல் இருந்ததால் எல்லாம் முறைப்படி நடந்தது. வயிற்றுத் தோலில் சிறு கீறல் போட்டு, அங்கேயே குழாயை வெட்டி, கீழ்த்துண்டை ஆசனவாய் வழியாகவே உருவினோம். மேல்பக்கமாக உருவினால் மலம் பட்ட நுனி வயிற்றறை வழியே வந்திருக்கும். மீதிக் குழாயையும் வால்வையும் எடுத்துவிட்டு மூளையறைக்கு வெளிவடிகால் (நீரை உடலுக்கு வெளியே பையில் வடிக்கும் குழாய்) வைத்தோம். குடலைத் தைக்கவே வேண்டியிருக்கவில்லை; பெரும்பாலும் அந்த ஓட்டை தானாக மூடிக்கொள்ளும்.

மயக்க மருத்துவர், இ.கோலி என்ற குடல் கிருமியை அடையாளம் கண்டு மருந்தைக் குறித்துக் கொடுத்த ஆய்வகத்தார், வடிகாலின் பூஜ்யக் குறியைக் காதுத்துளை மட்டத்திலேயே காத்து, தலையை உயர்த்தும் முன் ஒவ்வொரு முறையும் கிளாம்ப் போட்ட வார்டு ஊழியர்கள் அனைவருக்கும் நன்றி. ஒரு தடவை மறந்து வடிகால் தாழ்ந்திருந்தாலும் நீர் மளமளவென்று இறங்கி, மூளையறை சுருங்கி, மூளையுறைக்கடியில் ரத்தம் கசிந்திருக்கலாம்.

இனி எங்கள் டிஸ்சார்ஜ் தாள் ஒவ்வொன்றிலும் இது இருக்கும்: "ஆசனவாயிலோ தொப்புளிலோ குழாய் தெரிந்தால் இழுக்காதீர்கள், தள்ளாதீர்கள், வெட்டாதீர்கள். சுத்தமான ஈரத் துணியால் மூடி உடனே வாருங்கள்."

புதிய ஷன்ட் நாளை, மறுபக்கத்தில்.