அருங்காட்சியகங்களில் விளக்கப் பலகை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

சோழர் காலச் செப்புத் திருமேனிகளின் கீழே 'மதூச்சிஷ்ட விதான முறையில் வார்க்கப்பட்டது' என்று எழுதி அதோடு நிறுத்திவிடுகிறீர்கள். இன்றைய தமிழில் மது என்றால் சாராயம், விதானம் என்றால் மேற்கட்டி. இதைப் படிக்கும் பள்ளிப் பிள்ளை என்னவென்று புரிந்துகொள்ளும்?

தொடர் வடமொழியிலிருந்து வந்தது. மது இங்கே தேன். உச்சிஷ்டம், உண்டது போக மிஞ்சியது; உச்சிஷ்ட கணபதியின் பெயரில் இருப்பதும் இதே சொல்தான். தேனைப் பிழிந்தெடுத்த பிறகு அடையில் மிஞ்சுகிற மெழுகுதான் மதூச்சிஷ்டம். விதானம் என்பதற்கு இங்கே செய்முறை என்று பொருள். (வடமொழியில் மேற்கட்டிக்கும் செய்முறைக்கும் வெவ்வேறு சொற்கள், தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஆகவே 'விதான முறை' என்பது கூறியது கூறல்.)

மானசாரம் என்னும் சிற்ப நூலில் ஓர் அதிகாரத்தின் பெயரே இதுதான். சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் மானசோல்லாசம், 12ஆம் நூற்றாண்டு நூல், மெழுகை முதலில் எடைபோடச் சொல்கிறது. வெள்ளிச் சிலையானால் அந்த எடையைப்போல் 12 மடங்கு வெள்ளி, பொன்னானால் 16 மடங்கு. மெழுகு விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப எவ்வளவு உலோகம் வேண்டும் என்பதற்கான கணக்கு அது.

சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் தேன்மெழுகுடன் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி உருவம் பிடிக்கிறார்கள். விரலும் அணிகலனும் முதலில் மெழுகில்தான் உருவாகின்றன. அதன்மேல் காவிரி வண்டலை மெல்லியதாகப் பூசி, நிழலில் உலர்த்தி, மறுபடியும் கனமாகப் பூசுகிறார்கள். வரட்டி அடுக்கிச் சூடேற்றினால் மெழுகு உருகித் துளை வழியே வெளியேறும். அந்த வெற்றிடத்தில் பஞ்சலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். அதனால் ஒரு மெழுகு உருவத்துக்கு ஒரு சிலைதான். உங்கள் கண்ணாடிப் பேழைக்குள் நிற்கும் ஒவ்வொரு திருமேனியும் அப்படிப் பிறந்தது என்பதைப் பார்க்க வருபவர் அறியாமலே திரும்பிப் போவது எனக்குப் பெரும் வருத்தம்.

பழைய பெயரை நீக்க வேண்டாம். அதன் பக்கத்தில் 'தேன்மெழுகு வார்ப்பு' என்று எழுதுங்கள். மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகம் புகுந்ததை ஒரே வரியில் சொல்லுங்கள். இடமிருந்தால் குங்கிலியம் கலந்த மெழுகுக் கட்டி ஒன்றையும் பேழைக்கு வெளியே வையுங்கள். பிள்ளைகள் தொட்டும் முகர்ந்தும் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
செப்புத் திருமேனிகளைத் தேடிச் சென்று பார்க்கும் ஒருவன்