மோஸ்டாருக்குப் போகும் மகளுக்கு

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு, அப்பா எழுதுவது. மரியே வாழ்க.

தூப்ரோவ்னிக் போகிற பயணத்தில் ஒரு நாள் போஸ்னியாவில் இருக்கும் மோஸ்டாருக்கும் போகப்போவதாக அம்மாவிடம் சொன்னாயாமே. பஸ்ஸில் கூட்டிப்போய், பழைய பாலத்தைக் காட்டி, மத்தியானச் சாப்பாடு போட்டு, சாயங்காலம் கொண்டுவந்து விட்டுவிடுவார்களாம். போனில் பேசலாம் என்றால் பாதியிலேயே 'சரிப்பா, மீட்டிங் இருக்கு' என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். பாலத்தைத் தாராளமாகப் பார். ஆனால் அந்த ஊரில் இரண்டு கால்பந்து மைதானங்கள் இருக்கின்றன. அவற்றின் கதை தெரியாமல் திரும்பினால் அது மோஸ்டாரைப் பார்த்த கணக்கிலேயே வராது. இது உன் அப்பனின் கட்சி.

நான் கப்பலில் எஞ்சினியராக இருந்தபோது, நெரெத்வா ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள துறைமுகத்துக்கு எங்கள் கப்பல் சரக்கு ஏற்றப் போயிருக்கிறது. இப்போது ப்ளோச்செ என்கிறார்கள். அன்றைக்கு அதன் பெயர் கர்தெல்யேவோ. யுகோஸ்லாவியா ஒரே நாடாக இருந்த காலம், நம்மூர்ப் பாஸ்போர்ட்டைப் பார்த்தாலே நேருவையும் தங்கள் தலைவர் டிட்டோவையும் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். துறைமுகத்து எலக்ட்ரீஷியன் ஒருவர் மோஸ்டார்க்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ரயிலில் ஏற்றி, ஆற்றோரமாகவே கூட்டிப்போய், வெலெஷ் அணியின் ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்துக்கொடுத்தார். அன்றிலிருந்து எங்கே இருந்தாலும் வெலெஷ் என்ன ஆயிற்று என்று பார்த்துவிடுவேன். உன் அம்மா இதைப் பைத்தியம் என்பாள்.

வெலெஷ் என்பது ஊருக்கு மேலே நிற்கும் மலையின் பெயர். 1922-இல் தொழிலாளர் சங்கத்து ஆட்கள் சேர்ந்து தொடங்கிய கிளப் அது. அப்போதே ஊரில் வேறு கிளப்புகள் இருந்தன. குரோவாசியருக்கு 1905-லேயே தொடங்கிய ஸ்ரின்ஸ்கி இருந்தது. மற்றவர்களுக்கும் அவரவர் கிளப் இருந்தது. எந்தக் கோயிலுக்குப் போகிறாய், எந்தப் பள்ளிவாசலுக்குப் போகிறாய் என்று கேட்காமல் சேர்த்துக்கொண்டது வெலெஷ்தான். அதில் பெருந்தன்மையைவிட அரசியல்தான் அதிகம். இடதுசாரிகளின் கிளப் அது. 1940-இல் ஓர் ஆட்டம் முடிந்த கையோடு கூட்டம் அரசுக்கு எதிராக ஊர்வலம் போனது, போலீஸ் வந்தது, கிளப்புக்குத் தடை விழுந்தது. அடுத்த ஆண்டு ஜெர்மானியரும் இத்தாலியரும் நாட்டுக்குள் வந்தபோது வெலெஷ்காரர்கள் கூட்டம் கூட்டமாக டிட்டோவின் கெரில்லாப் படையில் சேர்ந்தார்கள். எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரோடு திரும்பவில்லை. கிளப்பின் சின்னத்தில் இருக்கும் சிவப்பு நட்சத்திரத்துக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

அதே போரில் ஸ்ரின்ஸ்கி, நாஜிகளின் ஆதரவில் உருவான குரோவாசிய அரசின் லீக்கில் ஆடியது. அதற்காக 1945-இல் டிட்டோவின் அரசு அதைத் தடை செய்தது. ஒன்றிரண்டு ஆண்டுகளுக்கு அல்ல, 1992 வரை. இந்த இடத்தை வேகமாகப் படித்துத் தாண்டிவிடாதே. பிறகு வருவதெல்லாம் இதைத் தொட்டுக்கொண்டுதான் வருகிறது. தன் தாத்தா ஆடிய கிளப்பின் பெயரை வீட்டுக்குள் மெதுவாகச் சொல்லிக்கொண்டு வளர்ந்த பையன்கள் அந்த ஊரில் இருந்தார்கள். வெளியே வெலெஷின் கொடி மட்டும்தான் பறந்தது.

பறந்த கொடிக்கு ஏற்ற ஆட்டமும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். சுலெய்மான் ரெபாட்ஸ் என்ற பயிற்சியாளர் உள்ளூர்ப் பையன்களை வைத்தே ஓர் அணியைக் கட்டினார். முன்னால் கோலடிக்க துஷான் பாயெவிச், நடுவில் பந்தைப் பங்கிட ஃப்ராஞ்ஞோ விளாதிச், கோலில் என்வெர் மாரிச். ஒருவர் செர்பியர், ஒருவர் குரோவாசியர், ஒருவர் முஸ்லிம். மூவரின் முதலெழுத்துகளையும் சேர்த்து பி.எம்.வி. என்று, பி.எம்.டபிள்யூ. கார்க் கம்பெனியின் பெயரைப்போலவே நாடு முழுக்க அழைத்தார்கள். 1973-74 லீக்கில் ஸ்ப்ளிட் நகரத்து ஹைதுக்கும் வெலெஷும் ஒரே புள்ளியில் வந்து நின்றன. கோல் வித்தியாசத்தில் பட்டம் ஹைதுக்குக்குப் போயிற்று. மூன்று முறை இரண்டாமிடம் பிடித்த வெலெஷ் ஒருமுறைகூட லீக் சாம்பியன் ஆனதில்லை. பெல்கிரேடின் ரெட் ஸ்டார், பார்ட்டிசான், ஸாக்ரெப்பின் டைனமோ, ஹைதுக் என்று நான்கு பெரிய கைகள் பட்டங்களை மாற்றி மாற்றி வாங்கிய லீக் அது. சின்ன ஊர் ஒன்று 1955-க்குப் பிறகு முதல் பிரிவைவிட்டு இறங்காமல் நின்றதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஐரோப்பிய கிளப்புகள் மோதும் 1974-75 யுஇஎஃப்ஏ கோப்பைக் கதையை எலக்ட்ரீஷியன் ரயிலில் போகும்போதே சொல்லி முடித்துவிட்டார். மாஸ்கோவின் ஸ்பார்ட்டக்கிடம் அங்கே 3-1 தோல்வி, மோஸ்டாரில் 2-0 வெற்றி. மொத்தம் 3-3, வெளியூரில் அடித்த கோலுக்கு அன்றைக்கு மதிப்பு அதிகம், அந்த ஒரு கோலால் மேலே போனார்கள். பிறகு வியன்னாவின் ராப்பிட். அதற்கப்புறம் டெர்பி கவுண்டி. அந்தப் பருவத்தில் இங்கிலாந்தின் சாம்பியன் ஆன அணி அது! இங்கிலாந்தில் 3-1 என்று தோற்றுவிட்டு வந்து மோஸ்டாரில் 4-1 என்று திருப்பிக் கொடுத்தார்கள். காலிறுதியில் ஹாலந்தின் ட்வெண்ட்டெ அணியோடு சொந்த மண்ணில் 1-0 ஜெயித்து, அங்கே 2-0 தோற்று வெளியேறினார்கள். அவர் கைவிரல்களை மடக்கி மடக்கி இந்த ஸ்கோர்களைச் சொன்ன வேகத்தில், எதிர் சீட்டுக்காரர் எழுந்துவந்து திருத்தம் சொன்னார். எல்லாம் அவர்கள் பாஷையில். எனக்கு எண்கள் மட்டும் புரிந்தன.

1981-இல் யுகோஸ்லாவியக் கோப்பை கிடைத்தது. பெல்கிரேடில் நடந்த இறுதிப் போட்டியில் சாரயேவோவின் ஜெல்யெஸ்னிச்சாரை 3-2 என்று வென்றார்கள். அதில் இரண்டு கோல்கள் வாஹித் ஹலில்ஹோஜிச்சுடையவை. 2014 உலகக் கோப்பையில் ஜெர்மனியைக் கூடுதல் நேரம்வரை இழுத்துச் சென்ற அல்ஜீரியாவின் பயிற்சியாளர் என்றால் உன் ஆபீஸ் ஜெர்மன்காரர்களுக்கு உடனே முகம் நினைவுக்கு வரும். 1986-இல் இரண்டாவது கோப்பை, டைனமோவை 3-1 என்று வென்று. அப்போது பயிற்சியாளர் அதே பாயெவிச்.

பலரும் பாயெவிச், மாரிச், விளாதிச் என்ற மூன்று பெயர்களையும் எழுதி, 'பாருங்கள், பந்து எல்லோரையும் ஒன்றாக்கியது' என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அது ஒப்பாது. ஒன்றாக்கியிருந்தால் 1993 எப்படி வந்தது? 1991 கணக்கெடுப்பில் ஊரில் முஸ்லிம்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், குரோவாசியர் ஏறக்குறைய அதே அளவு, செர்பியர் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அடுத்த ஆண்டு வசந்தத்தில் யுகோஸ்லாவிய ராணுவமும் செர்பியப் படைகளும் குண்டு வீசியபோது முஸ்லிம்களும் குரோவாசியரும் சேர்ந்துதான் ஊரைக் காத்தார்கள். ஒரே ஆண்டில் அந்தச் சேர்க்கை உடைந்தது. 1993 மே 9-ஆம் தேதி விடியலில் குரோவாசியப் படை தாக்குதலைத் தொடங்கியது. மேற்குப் பக்கம் இருந்த முஸ்லிம் குடும்பங்களை வீடுகளிலிருந்து இழுத்துவந்தார்கள். அப்படி இழுத்துவந்தவர்களைச் சேர்த்து நிறுத்திய இடங்களில் ஒன்று எது தெரியுமா? பியேலி பிரியேக், வெலெஷின் மைதானம். டெர்பிக்கு நான்கு கோல் அடித்த ஊரின் மைதானம். அங்கிருந்து ஹெலியோட்ரோம் என்ற தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். இதை ஹேக் நகரத்தில், முன்னாள் யுகோஸ்லாவியாவின் போர்க்குற்றங்களை விசாரித்த சர்வதேசத் தீர்ப்பாயத்தில் சாட்சிகள் சொல்லியிருக்கிறார்கள். அந்த நவம்பர் 9-இல் பழைய பாலமும் டாங்கிக் குண்டுகளில் ஆற்றுக்குள் விழுந்தது. நீ போட்டோ எடுக்கப்போவது 2004-இல் திரும்பக் கட்டியது.

சண்டை நின்றபோது ஊர் இரண்டாகியிருந்தது. மேற்கு குரோவாசியருக்கு, கிழக்கு முஸ்லிம்களுக்கு. மைதானம் மேற்கில் மாட்டிக்கொண்டது. 1992-இல் மீண்டும் உயிர் பெற்றிருந்த ஸ்ரின்ஸ்கி அதைத் தன் வீடாக்கிக்கொண்டது. வெலெஷுக்கு மைதானம் இல்லை, லீக் இல்லை, ஆட்களில் பாதிப்பேர் ஊரிலேயே இல்லை. வடக்கே புறநகரில் வ்ராப்சிச்சி என்ற இடத்தில் இருந்த சின்ன மைதானத்தில் போய் ஆட ஆரம்பித்தார்கள். இன்றும் அங்கேதான். நடுவில் இரண்டாம் பிரிவுக்கு இறங்கி, ஏறி, 2016-இல் மறுபடி இறங்கி, 2019-இல் திரும்ப ஏறினார்கள்.

ஸ்ரின்ஸ்கி புதிய நாட்டின் லீக்கைத் திரும்பத் திரும்ப வென்றது. 2023-இல் ஐரோப்பியப் போட்டி ஒன்றின் குழுச் சுற்றுக்குப் போன முதல் போஸ்னிய அணி அதுதான். பியேலி பிரியேக்கில் ஹாலந்தின் ஏஸெட் அணியிடம் முதலில் 0-3 என்று பின்தங்கி, பிறகு 4-3 என்று ஜெயித்தார்கள். அந்த ஆட்டத்தைப் பார்த்தபோது எனக்குக் கை தட்டவும் மனமில்லை, தட்டாமல் இருக்கவும் முடியவில்லை. அப்படி ஆடினார்கள்.

நமக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. அம்மா ஜெபமாலை சொல்லிக்கொண்டே நினைத்துக்கொள்கிற மெஜுகோரியே அங்கிருந்து பக்கம்தான். வெலெஷுக்கு முதல் கோப்பை வந்த அதே 1981-இல், ஜூன் மாதத்தில், மாதா காட்சி தந்ததாகச் சொல்லப்படும் இடம். ஸ்ரின்ஸ்கியை 1992-இல் மீண்டும் தொடங்கியதும் அதே மெஜுகோரியேயில்தான். நாம் கும்பிடுகிற மாதா அந்தப் பக்கம், நான் ஆதரிக்கிற அணி இந்தப் பக்கம். பங்குச் சாமியாரிடம் ஒருமுறை சொன்னேன், சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார். ஸ்ரின்ஸ்கிக்காரர்களை நான் வில்லன்களாக நினைக்கவில்லை. நாற்பத்தேழு ஆண்டு தடையின் வலி நிஜமான வலி. அதற்காக இன்னொருவன் வீட்டுச் சாவியை எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகாது என்பதும் அதே அளவு நிஜம். நீ அங்கே யாரிடமாவது பேசினால் இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு பேசு.

2022-இல் வெலெஷுக்கு நூறு வயது. அந்த மே மாதம் போஸ்னியக் கோப்பை இறுதியில் சாரயேவோ அணியோடு கோல் எதுவும் விழாமல் பெனால்டிவரை போய் வென்றார்கள். புதிய நாட்டில் அவர்கள் எடுத்த முதல் பெரிய கோப்பை. உனக்கு நினைவிருக்கும், ராத்திரி போன் பண்ணி உன்னை எழுப்பிவிட்டேன். அடுத்த மாதமே, பியேலி பிரியேக் மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கெரில்லா வீரர்களின் நினைவிடத்தில் யாரோ புகுந்து, பெயர் பொறித்த கற்களை ஏறக்குறைய எல்லாவற்றையும் உடைத்துப் போட்டார்கள். வெலெஷிலிருந்து போய் மாண்டவர்களின் பெயர்களும் அங்கே இருந்தன.

இனி காரியத்துக்கு வருகிறேன். வழியில் எல்லை வரும், பாஸ்போர்ட்டையும் ஜெர்மன் ரெசிடென்ஸ் கார்டையும் கைப்பையிலேயே வை. பாலத்தில் நின்று குதிக்கப் பணம் வசூலிக்கும் பையன்களுக்கு ஏதாவது கொடு, அந்த உயரத்திலிருந்து நானாக இருந்தால் குதிக்கமாட்டேன். சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துவிட்டு மேற்கே நட. பூல்வார் என்ற அகலச் சாலையைத் தாண்டுவாய், போர்முனை அதுதான். குண்டு துளைத்த கட்டடங்கள் சில இன்னும் நிற்கின்றன. சுவர்களில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனால் எந்தப் பக்கம் நிற்கிறாய் என்பது புரியும். வழியில் வரும் பூங்காவில் புரூஸ் லீக்குச் சிலை வைத்திருந்தார்கள், சிரிக்காதே. எல்லாத் தரப்புக்கும் பிடித்த ஓர் ஆள் வேண்டுமென்று தேடி 2005-இல் அவரை நிறுத்தினார்கள். அங்கிருந்து பியேலி பிரியேக் நடக்கிற தூரம்தான். கேட் திறந்திருந்தால் எட்டிப் பார், இல்லையென்றால் வெளியிலிருந்து ஒரு படம் போதும். வ்ராப்சிச்சிக்கு டாக்சி வேண்டும், பஸ் கிளம்பும் நேரத்தைக் கேட்டுவிட்டுப் போ.

யாரிடமும் 'நீங்கள் எந்த அணி' என்று முதல் கேள்வியாகக் கேட்காதே. அந்த ஊரில் அது அணியைப் பற்றிய கேள்வியாக இருக்காது. வெலெஷின் சிவப்புச் சட்டை எனக்கு ஒன்று வேண்டும், வாங்கினால் பைக்குள் மடித்து வை, மேற்கில் போட்டுக்கொண்டு திரியாதே. அளவு எக்ஸெல், டபுள் எக்ஸெல் வேண்டாம், உன் அம்மா சொல்வதைக் கேட்காதே. அவளுக்கு மெஜுகோரியே ஜெபமாலை. டூர்க்காரர்கள் அங்கே நிறுத்துவார்களா என்று இப்போதே கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா